காற்றை அளந்த கிண்ணங்கள்

"நேற்றிரவு கரையைக் கடந்த புயலின்போது காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது" என்று ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலியில் கேட்கிறோம், நாளிதழில் படிக்கிறோம். 80 என்றால் பரவாயில்லை, 120 என்றால் அச்சம் என்று மனத்திற்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த 90 எங்கிருந்து வந்தது? காற்றைக் கையில் பிடிக்க முடியாது. தராசில் நிறுக்க முடியாது. அதன் பக்கத்தில் ஓடிச்சென்று கடிகாரம் பார்க்கவும் முடியாது. பின் யார் அதை அளந்தார்கள்? எந்த அளவுகோலால் அளந்தார்கள்? அந்த அளவுகோல் சரியானது என்று யார் சொன்னார்கள்?

கடைசியாகக் கேட்ட கேள்விதான் மற்றவற்றைவிடக் கடினமானது. அதற்கு விடை காண அறிவியல் உலகம் அரை நூற்றாண்டு தடுமாறியிருக்கிறது. அக்கதையை இங்குக் காண்போம்.

இப்போது பல ஊர்களில் தானியங்கி வானிலை நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. வேலியிட்ட சிறிய திடலில் ஓர் உயரமான கம்பம். அதில் ஒரு சூரிய மின்தகடு. அருகே ஒரு மழைமானி. கம்பத்தின் உச்சியில் மூன்று சிறு கிண்ணங்கள் ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் பக்கத்தில் ஒரு திசைகாட்டி வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிண்ணங்களே காற்றுவேகமானி. வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் உணர்கருவிகளும் அங்கு உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. எனினும் தன்னை உருவாக்கியவரையே ஏமாற்றிய கருவி என்னும் பெருமை இந்தக் கிண்ணங்களுக்குத்தான் உரியது.

அர்மாவின் வானியலார்

கிண்ணக் காற்றுமானிக்கு முன்பும் காற்றை அளக்கும் கருவிகள் இருந்தன. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியரான ஆல்பெர்ட்டி, காற்றில் ஊசலாடும் ஒரு தகட்டை விவரித்தார். 1775ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர், நீர் நிரப்பிய 'யு' வடிவக் குழாயின் ஒரு வாயைக் காற்றுக்கு எதிரே திருப்பி, நீர்மட்ட வேறுபாட்டைக் கொண்டு காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட்டார். இவையெல்லாம் அந்தந்தக் கணத்தில் காற்று தரும் தள்ளுவிசையைக் காட்டுவன. ஒரு நாளில் எத்தனை மைல் நீளக் காற்று நம்மைக் கடந்து சென்றது என்று கேட்டால் அவற்றால் விடை சொல்ல இயலாது.

அயர்லாந்து நாட்டின் அர்மா வானாய்வுக் கூடத்தின் தலைவராக 1823 முதல் 1882இல் இறக்கும்வரை இருந்தவர் தாமஸ் ராம்னி ராபின்சன். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒரே நாற்காலி! இவர் 1846இல் ஒரு புதிய கருவியை அறிவித்தார். குறுக்காக அமைந்த இரு கம்பிகளின் நான்கு முனைகளிலும் நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள். நடுவில் செங்குத்தான ஓர் அச்சு. அச்சின் அடியில் சுற்றுகளை எண்ணும் பற்சக்கரங்கள். காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் கிண்ணங்கள் ஒரே பக்கமாகவே சுற்றும். கருவியைக் காற்றின் திசைக்கு ஏற்பத் திருப்பி வைக்க வேண்டிய தேவையில்லை. இந்த எண்ணம் தமக்கு எட்ஜ்வொர்த் என்பவர் கூறியதிலிருந்து கிடைத்தது என்று ராபின்சன் நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எட்ஜ்வொர்த் அவருக்கு மாமனார் முறை.

கிண்ணம் ஏன் சுற்றுகிறது? குழிந்த பக்கத்தைக் காற்றுக்குக் காட்டும் கிண்ணம் அதிக விசையைப் பெறுகிறது. குவிந்த பக்கத்தைக் காட்டும் கிண்ணம் காற்றை வழுக்கிவிடுகிறது. குடையை நேராகப் பிடித்துக் காற்றை எதிர்ப்பதற்கும், காற்று உட்புகுந்து குடை மலர்ந்துபோவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. மழைக்காலத்தில் இவ்வேறுபாட்டைக் கையால் உணராதவர் இருக்க முடியாது.

இனிச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். காற்றின் வேகம் 'கா' என்றும், கிண்ணத்தின் மையம் செல்லும் வேகம் 'கி' என்றும் கொள்வோம். காற்றோடு ஓடும் கிண்ணத்தை அடையும் சார்புவேகம் கா − கி. காற்றுக்கு எதிராக வரும் கிண்ணத்தில் மோதும் சார்புவேகம் கா + கி. விசை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஒரே வேகத்தில் காற்று படும்போது குழிந்த பக்கம் பெறும் விசை, குவிந்த பக்கம் பெறுவதைப்போல் நான்கு மடங்கு என்று கொண்டால், சீரான சுழற்சியில் இரு விசைகளும் சமப்படும்போது

2 (கா − கி) = கா + கி

என்று ஆகும். இதிலிருந்து கா = 3 கி. அதாவது, கிண்ணத்தின் வேகத்தை மூன்றால் பெருக்கினால் காற்றின் வேகம் கிடைத்துவிடும்.

எவ்வளவு எளிய, அழகான விடை! இதில் கிண்ணத்தின் விட்டம் வரவில்லை; கம்பியின் நீளம் வரவில்லை. சிறிய கருவியானாலும் பெரிய கருவியானாலும் பெருக்கெண் 3தான் என்று ராபின்சன் உறுதியாகக் கூறினார். வேறு சிலர் செய்த சோதனைகளும் இதை மெய்ப்பிப்பதுபோலவே தோன்றின. கருவி பல நாடுகளுக்கும் பரவியது. 3 என்னும் எண்ணும் அதனுடன் சேர்ந்து பரவியது. வானிலைப் பதிவேடுகளில் ஆண்டுக்கணக்காகக் காற்றுவேகம் அந்த எண்ணால் பெருக்கப்பட்டே எழுதப்பட்டது.

நம் வகுப்பறைகளிலும் இந்த ஆபத்து உண்டு. அழகாக முழு எண்ணில் விடை வந்துவிட்டால் மாணவர்கள் சரிபார்ப்பதில்லை. 2.87 என்று வந்தால்தான் 'எங்கோ தவறு' என்று திரும்பிப் பார்க்கிறார்கள்!

கணக்கில் என்ன பிழை? எதிரெதிராக உள்ள இரு கிண்ணங்களை மட்டும், அதுவும் காற்றுக்கு நேர்க்கோட்டில் இருக்கும் ஒரே கணத்தில் மட்டும், நாம் எடுத்துக்கொண்டோம். மற்ற இரண்டு கிண்ணங்களும் சாய்வான நிலைகளில் விசை பெறுகின்றன. முன்னால் உள்ள கிண்ணம் பின்னால் உள்ளதன் காற்றை மறைக்கிறது. கிண்ணம் பெரிதாகவும் கம்பி குட்டையாகவும் இருந்தால் இந்த மறைப்பு ஒருவிதமாகவும், கம்பி நீண்டிருந்தால் வேறுவிதமாகவும் இருக்கும். இவற்றையெல்லாம் காகிதத்தில் கணக்கிட்டு முடிக்க முடியாது. கருவியைத் தெரிந்த வேகமுள்ள காற்றில் வைத்துப் பார்த்தே தீரவேண்டும். இதற்குத்தான் அளவுத்திருத்தம் என்று பெயர்.

குடைராட்டினத்தில் ஒரு சோதனை

தெரிந்த வேகமுள்ள காற்றுக்கு எங்கே போவது? காற்றைக் கருவிமேல் செலுத்த முடியாவிட்டால், கருவியை அசையாத காற்றில் செலுத்தலாம் அல்லவா? 1870களில் இலண்டன் கியூ வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்தவர்கள், 'கிரிஸ்டல் பேலஸ்' என்னும் கண்ணாடி மாளிகைத் திடலில் இருந்த நீராவிக் குடைராட்டினத்தை நாடினார்கள். குழந்தைகள் மரக்குதிரையில் அமர்ந்து சுற்றும் அதே ராட்டினம்தான். அதன் ஓரத்தில் காற்றுமானிகளைப் பொருத்திச் சுழலவிட்டனர். ராட்டினத்தின் சுற்றளவும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் தெரியும். ஆகவே கருவி காற்றைக் கிழித்துச் செல்லும் வேகமும் தெரியும்.

தெரியும் என்றுதான் முதலில் எண்ணினர். ஆனால் ராட்டினம் சுற்றும்போது சுற்றியுள்ள காற்றும் அதனுடன் இழுபட்டுச் சுழலத் தொடங்குகிறது; எனவே கருவி உணரும் காற்று, கணக்கிட்டதைவிடக் குறைவு. மறுபுறம், அன்று வெளியில் இலேசாகக் காற்று வீசினால், ஒரு பாதிச் சுற்றில் எதிர்க்காற்றும் மறு பாதியில் பின்காற்றுமாகி, சராசரி சிறிது கூடிவிடுகிறது. ஒன்று பெருக்கெண்ணை உயர்த்திக் காட்டும். மற்றது தாழ்த்திக் காட்டும். புகழ்பெற்ற கணித இயற்பியலார் ஸ்டோக்ஸ் இந்தச் சோதனைகளின் முடிவுகளை எடுத்து அலசி 1881இல் வெளியிட்டார். பாகுநிலை பற்றிப் படிக்கும்போது நாம் சந்திக்கும் அதே ஸ்டோக்ஸ்தான். 3 என்னும் எண் ஆட்டங்கண்டுவிட்டது. ஆனால் அதற்குப் பதில் எது என்பது இன்னும் உறுதிப்படவில்லை.

டே பாலம்

இதற்குள் ஒரு கொடிய நிகழ்ச்சி நடந்துவிட்டது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் கழிமுகத்தின்மேல் 1878இல்தான் திறக்கப்பட்ட மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள இரயில் பாலத்தின் நடுப்பகுதி கடும்புயலில் முறிந்து விழுந்தது. அப்போது அதன்மீது சென்றுகொண்டிருந்த இரயிலும் ஆற்றில் வீழ்ந்தது. ஒருவரும் உயிர்தப்பவில்லை. இறந்தவர்கள் 75 பேர் வரை இருக்கலாம் என்று அன்று கணக்கிட்டனர். பெயர் உறுதியாகத் தெரிந்தவர்கள் 59 பேர்.

விசாரணையில் பாலத்தின் குறைகள் பல வெளிப்பட்டன. வார்ப்பிரும்புத் தூண்களின் வார்ப்பு மோசம், பராமரிப்பும் மோசம். இவற்றோடு, பாலத்தை வடிவமைத்த தாமஸ் பௌச் காற்றின் தள்ளுவிசைக்கெனத் தனியாக எந்த ஒதுக்கீடும் செய்யவில்லை என்பதும் தெரியவந்தது. அன்றைய பொறியாளர்கள் இவ்வகையில் எந்த எண்ணைப் பயன்படுத்துவது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. அரச வானியலாரான ஏரி, ஃபோர்த் கழிமுகத்தில் கட்டத் திட்டமிட்டிருந்த மற்றொரு பாலத்திற்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு போதும் என்று முன்னரே கருத்துக் கூறியிருந்தார். விபத்து நடந்த இரவில் காற்று எவ்வளவு வேகம் என்று கேட்டபோது, கடலனுபவம் உள்ள சாட்சி போஃபோர்ட் அளவில் 10, 11 என்று மதிப்பாகவே சொல்ல முடிந்தது.

விபத்துக்குப்பின் அமைக்கப்பட்ட குழு, இனிக் கட்டும் பாலங்களுக்குச் சதுர அடிக்கு 56 பவுண்டு என்று விதித்தது. நம் அளவில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 273 கிலோகிராம். முன்பு சொன்ன பத்துப் பவுண்டு 49 கிலோகிராம்தான். ஒரே காற்று, ஒரே நாடு. பத்தாண்டுக்குள் ஐந்தரை மடங்கு வேறுபாடு! 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலம் இந்த 56 பவுண்டுக்காகவே அத்தனை பருமனாகக் கட்டப்பட்டது. அதன் பொறியாளர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர், இஞ்ச்கார்வி என்னும் சிறு தீவில் 300 சதுர அடிப் பலகை ஒன்றையும் ஒன்றரைச் சதுர அடிப் பலகைகளையும் நிறுத்திப் பார்த்தார். சிறிய பலகை காட்டிய அழுத்தத்தைவிடப் பெரிய பலகை காட்டியது குறைவு. காற்றின் குத்து பரந்த இடம் முழுவதையும் ஒரே கணத்தில் தாக்குவதில்லை என்பதே காரணம்.

டைன்சின் சுழல்கை

இராயல் வானிலையியல் கழகம் காற்றின் விசையை ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் பணியில் முன்னின்றவர் வில்லியம் ஹென்றி டைன்ஸ் (1855–1927). இலண்டனுக்கு அருகே ஹெர்ஷம் என்னும் ஊரில், நீராவி எந்திரத்தால் சுழலும் நீண்ட கை ஒன்றை இவர் அமைத்தார். பொழுதுபோக்கு ராட்டினத்தைப் போல் அல்லாது, அளவெடுப்பதற்கென்றே கட்டிய கருவி அது. நுனியில் பலவகைக் கிண்ணங்களையும் தகடுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, 1880களின் இறுதியில் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்.

முடிவு என்ன? பெருக்கெண் எல்லாக் கருவிக்கும் ஒன்றல்ல. கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து 2 முதல் 3க்குச் சற்று மேல் வரை எதுவாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் நிலையங்களில் வழங்கிய கியூ வகைக் கருவிக்கு (9 அங்குலக் கிண்ணம், 24 அங்குலக் கை) 2.2 என்பதே பின்னர் ஏற்கப்பட்டது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். கிண்ணங்களின் மையம் மணிக்கு 20 மைல் வேகத்தில் செல்கிறது என்க. பழைய முறையில் பதிவேட்டில் 60 என்று எழுதுவார்கள். உண்மையில் வீசியது 44தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது; ஆகவே இதே எண்ணிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட்டால் அது 1.86 மடங்கு மிகுந்துவிடும். காற்றாலையின் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. அங்கே இது இரண்டரை மடங்குப் பிழையாகும். உலகின் பல அரசுப் பதிவேடுகளில் இப்பிழை அச்சேறியே கிடந்தது.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கருவியின் கிண்ண விட்டத்தையும் கையின் நீளத்தையும் குறித்துவைத்திருந்த நிலையங்களின் பழைய எண்களைப் பின்னர் திருத்திக்கொள்ள முடிந்தது. வேகத்தை மட்டும் எழுதிவிட்டுக் கருவியைப் பற்றி ஒன்றும் எழுதாத நிலையங்களின் பதிவுகள் வீண்தான். செய்முறைக் குறிப்பேட்டில் 'கருவியின் மீச்சிற்றளவு, சுழிப்பிழை' என்று முதலில் எழுதச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதை மாணவர்கள் வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். அர்மாக் கிண்ணங்களின் கதையை அவர்களுக்குச் சொல்லலாம்.

டைன்ஸ் கிண்ணங்களோடு நிற்கவில்லை. 1892இல் அழுத்தக்குழாய்க் காற்றுமானியை வெளியிட்டார். திறந்த வாயை எப்போதும் காற்றுக்கு எதிரே காட்டும் குழாய் ஒன்று. அழுத்த வேறுபாட்டிற்கு ஏற்ப நீரில் ஏறி இறங்கும் மிதவை ஒன்று. மிதவையுடன் சேர்ந்து உருளைத்தாளில் கோடு வரையும் பேனா ஒன்று. காற்று சீராக வீசுவதில்லை, குத்துக்குத்தாகத்தான் வீசுகிறது என்பதை அந்தத் தாளில் கண்ணால் காண முடிந்தது.

நான்கு மூன்றானது

இருபதாம் நூற்றாண்டில் காற்றுச் சுரங்கங்கள் பெருகின. விமானத்தின் வளர்ச்சியால் கிடைத்த கொடை இது. விசிறியால் உறிஞ்சப்படும் காற்று நீண்ட குழாய் வழியே சீராக ஓடும். அதன் வேகத்தைப் பிட்டோ குழாயால் துல்லியமாக அறியலாம். கருவி நிலையாக நிற்கக் காற்றே அதன்மேல் ஓடுவதால், ராட்டினத்தின் தொல்லைகள் இல்லை.

இச்சுரங்கத்தில் கிண்ணங்களைச் சோதித்தவர்களுள் கனடா நாட்டு ஜான் பேட்டர்சன் முதன்மையானவர். கனடா வானிலைத் துறையில் சேருமுன் இவர் நம் அலகாபாத்தில் இயற்பியல் பேராசிரியராகவும், பின்னர் இந்திய வானிலைத் துறையிலும் பணியாற்றியவர். நான்கு கிண்ணங்களைவிட மூன்று கிண்ணங்களே சிறந்தவை என்று 1926இல் இவர் காட்டினார். மூன்று கிண்ணங்களில் ஒரு சுற்று முழுவதும் திருப்புவிசை ஏற்றத்தாழ்வின்றிச் சீராக இருக்கிறது. காற்றின் மாற்றத்திற்கு அவை விரைந்து இணங்குகின்றன. இன்று நாம் கம்பங்களில் காணும் கிண்ணங்கள் மூன்றாக இருப்பதன் காரணம் இதுவே.

காற்றுச் சுரங்கம் வந்தபின்பும் ஒரு குறை தீரவில்லை. காற்று திடீரென்று கூடினால் கிண்ணங்கள் உடனே வேகம் பிடிக்கின்றன. காற்று திடீரெனக் குறைந்தால் அவ்வளவு விரைவில் வேகம் குறைவதில்லை. குத்துக்காற்றில் இது சேர்ந்து சேர்ந்து, சராசரியை உண்மையைவிடச் சற்றே மிகுத்துக் காட்டும். சுரங்கத்தின் சீரான காற்றில் இப்பிழை தலைகாட்டாது. எடை குறைந்த பொருள்களால் கிண்ணம் செய்வதன் நோக்கம் இதைக் குறைப்பதே.

அமெரிக்காவின் வாஷிங்டன் மலை (உயரம் 1,917 மீட்டர்) உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று பணியிலிருந்த ஆய்வாளர்கள் மணிக்கு 231 மைல், அதாவது 372 கிலோமீட்டர் வேகக் காற்றை அளந்தார்கள். பனி படிந்து நின்றுவிடாதபடி மின்சாரத்தால் சூடேற்றப்பட்ட காற்றுமானி அது. கருவி எழுப்பிய சொடுக்கொலிகளை எண்ணி, நிறுத்துக் கடிகாரத்தால் நேரம் பார்த்தனர். பின்னர் அக்கருவி சோதிக்கப்பட்டு, அளவு ஏற்கப்பட்டது. கருவியின் பக்கத்தில் மனிதர் இருந்ததால் அன்று சாட்சிக்குப் பஞ்சமில்லை.

ஆளில்லா நிலையங்கள்

ஆள் இல்லாமலே அளந்து வானொலியில் அனுப்பும் நிலையங்கள் போர்க்காலத்தில் தோன்றின. 1943 அக்டோபரில் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று, கனடாவின் லாப்ரடார் கரையில் யாரும் அறியாமல் அத்தகைய நிலையம் ஒன்றை நிறுவிச் சென்றது. பெரிய உலோக உருளைகளில் மின்கலங்களும் கருவிகளும், ஒரு கம்பம், மூன்று மணிக்கு ஒருமுறை செய்தி. சில நாட்களிலேயே அதன் குரல் பயனற்றுப்போனது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே 1981இல்தான் வெளியுலகிற்குத் தெரிந்தது! இப்போது அது ஒட்டாவா நகரில் போர்க் காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் கருவிகளின் கதை அன்னா மாணி (1918–2001) அவர்களின் பெயரைச் சொல்லாமல் நிறைவுறாது. பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1939இல் பட்டம் பெற்றவர். பெங்களூரில் சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லை என்பதைக் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. எம்.எஸ்ஸி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எங்களைப் போன்றோருக்கு இதைப் படிக்கும்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. 1945இல் இலண்டன் சென்ற அவர் அங்கு வானிலைக் கருவிகளைக் கற்றார். 1948இல் திரும்பிப் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்குச் சீரான வரைபடங்களை அவர் உருவாக்கி, இங்கேயே செய்ய வழிசெய்தார். தவறான அளவீட்டைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

1976இல் ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. நாடெங்கும் காற்றாற்றல் வளத்தை அளக்கும் பணியை மேற்கொண்டார். இந்தியாவின் காற்று பற்றிய தரவு நூல் 1983இல் வெளிவந்தது. காற்றாலைக்கு இடம் தேடுவோருக்கு ஒரு சிறு பிழையும் பெருநட்டம் என்பதை முன்பே பார்த்தோம். வேகத்தில் பத்து விழுக்காடு மிகையாக அளந்தால், எதிர்பார்க்கும் மின்சாரம் 33 விழுக்காடு மிகையாகும். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதி காற்றாலைக் காடாகவே மாறியது. காற்றாற்றலுக்கென ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் 1998இல் சென்னையில் அமைக்கப்பட்டது.

கம்பம் நடுவதும் கணக்குத்தான்

இன்று ஒரு தானியங்கி நிலையத்தில் காற்றுமானியைப் பொருத்துவோர் செய்வன யாவை? முதலில் இடம். தரையிலிருந்து 10 மீட்டர் உயரம். அருகிலுள்ள மரம் அல்லது கட்டடத்தின் உயரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தொலைவு. இது உலக வானிலை அமைப்பு வகுத்த நெறி. தரையின் உராய்வால் காற்று கீழே மெதுவாகவும் மேலே விரைவாகவும் ஓடுகிறது. திறந்த வெளியில் 2 மீட்டர் உயரத்தில் அளந்தால் 10 மீட்டரில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கிடைக்கும். கருவி எத்தனை துல்லியமாக இருந்தாலும் இதை ஈடுசெய்யாது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காற்றுமானியை வைத்துவிட்டு 'எங்கள் ஊரின் காற்று' என்று சொல்லிக்கொள்வதை அங்கங்கே காண்கிறோம். அது அந்தத் தொட்டியின் காற்று, அவ்வளவுதான்.

கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். திசைகாட்டியின் வடக்கு, உண்மை வடக்காக இருக்க வேண்டும்; காந்த ஊசியின் வடக்கு அன்று. தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு சிறிதே. கனடாவின் வடபகுதியில் மிகப் பெரிது. திசையின் சராசரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 350 பாகையும் 10 பாகையும் வடக்கை ஒட்டிய திசைகள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது நேர் தெற்கு! ஆகவே தானியங்கிக் கருவி திசைகளை எண்களாகக் கூட்டாமல் வெக்டர்களாகக் கூட்டும்படி அமைக்கப்படுகிறது.

கிண்ணம் ஒரு சுற்றுக்கு இத்தனை மின்துடிப்பு என்று அனுப்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் தரவுப்பதிவி, துடிப்புகளை எண்ணி ஒரு மாறிலியால் பெருக்கி, இன்னொரு மாறிலியைக் கூட்டுகிறது. கிண்ணம் நகரத் தொடங்கவே சிறிது காற்று தேவைப்படுவதால் அந்த இரண்டாம் மாறிலி. இரண்டும் காற்றுச் சுரங்கத்தில் அந்தக் கருவிக்கென்றே கண்டறிந்தவை. ராபின்சனின் 3 இன்று இப்பெட்டிக்குள் குடியிருக்கிறது எனலாம். பழைய கிண்ணத்தைக் கழற்றிப் புதியதை மாட்டியவர், பதிவியில் எண்களை மாற்ற மறந்தால், ஆண்டுக்கணக்கில் தவறான வேகம் சரியான தோற்றத்துடன் வந்துகொண்டே இருக்கும். யாருக்கும் ஐயம் எழாது.

களத்தில் ஒரு சோதனை செய்வதுண்டு. கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்று தெரிந்த சிறு மோட்டாரால் அச்சைச் சுழற்றி, பதிவி காட்டும் எண் சரிதானா என்று பார்ப்பார்கள். மின்சுற்று சரியா என்பதை இது சொல்லும். கிண்ணத்தின் வடிவம் நெளிந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்குச் சுரங்கத்திற்குத்தான் போக வேண்டும். கடற்கரையில் உப்பும், உள்நாட்டில் தூசியும் பேரிங்கில் புகுந்து உராய்வைக் கூட்டுகின்றன. மெல்லிய காற்றில் கிண்ணம் அசையாமல் நிற்கும். பதிவேட்டில் 'அமைதி' என்று விழும். ஒலியலைகளால் காற்றை அளக்கும் புதிய கருவிகளில் சுழலும் உறுப்பே இல்லையாதலால் இத்தொல்லை இல்லை. அவற்றையும் காற்று அசையாத பெட்டிக்குள் வைத்துச் சுழியைச் சரிபார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

பாரோ தீவின் எண்

1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா என்னும் புயல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பாரோ தீவைக் கடந்தது. அப்போது எண்ணெய் எடுக்கப்பட்டுவந்த அத்தீவில் ஒரு தானியங்கி வானிலை நிலையம் இருந்தது. 10 மீட்டர் கம்பத்தில் மூன்று கிண்ணக் காற்றுமானி. அது ஒரு வீச்சில் மணிக்கு 408 கிலோமீட்டர் என்று பதிந்தது. வாஷிங்டன் மலையின் 372ஐ இது தாண்டிவிட்டது. ஆனால் அருகில் நிறுத்துக் கடிகாரத்துடன் எவரும் இல்லை. புயலின் பொதுவான வலிமையோடு ஒப்பிட்டால் அந்த எண் பொருந்தவும் இல்லை. கருவிக் கோளாறாக இருக்கலாம் என்ற ஐயத்தில் எண் கோப்பிலேயே கிடந்தது.

பல ஆண்டுகள் கழித்து உலக வானிலை அமைப்பின் வல்லுநர் குழு அக்கோப்பைத் திறந்தது. கருவி எவ்வகையைச் சேர்ந்தது, எவ்வளவு உயரத்தில் எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது, யார் எப்போது பராமரித்தார்கள், அளவுத்திருத்தம் என்ன ஆயிற்று, அதே நேரத்தில் வேறு கடும்வீச்சுகளும் பதிவாயினவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. வீச்சு ஒன்றல்ல, அடுத்தடுத்துப் பல பதிவாகியிருந்தன. பராமரிப்புக் குறிப்புகளும் முறையாக இருந்தன. சூறாவளிச் சுழல்களை நீக்கிப் பார்த்தால், இதுவரை அளக்கப்பட்ட காற்று வீச்சுகளில் மிகப் பெரியது இதுவே என்று 2010 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த மூன்று கிண்ணங்கள் சொன்னதை உலகம் நம்புவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.